வி. வி. கிரியாரும் உழைப்பாளர் முதுமையும்

பெரம்பலூர்ச் சீமையில் பச்சைமலையை அடுத்துள்ள பூலாம்பாடியை நம் மாணாக்கருட் பலர் அறிவர். வானம் பார்த்த நிலத்தை மட்டும் நம்பியிராது, அவ்வூரினின்றும் கடல் கடந்து மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று பொருளீட்டியோர் மிகப் பலர். மலேயாவில் 1951-ஆம் ஆண்டிலும் சிங்கப்பூரில் 1955-ஆம் ஆண்டிலும் தொழிலாளர் சேமநிதி ஏற்பட்டது. உழைக்குங் காலத்தில் தொழிலாளி ஒரு பங்கும் முதலாளி ஒரு பங்குமாக இட்டுவைத்த பணம் வட்டியோடு திரண்டு முதுமையில் அவன் கைக்கு வருவது இம்முறை. அதே ஊர்ப்பக்கத்தில், பொன்மலை ரயில்வே தொழிற்சாலையிலோ தபாலாபீஸிலோ பாங்கியிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் வீட்டிற்குச் சென்றால் வேறொரு முறையைக் காணலாம். அவருக்குத் திரண்ட பணத்தின் கணக்கு முதன்மையன்று. அவர் கடைசியாக வாங்கிய சம்பளம் எவ்வளவு, சேவை செய்த ஆண்டுகள் எத்தனை என்று பார்த்து வரையறுத்த ஒரு தொகை, உயிருள்ளவரை மாதந்தோறும் வருகின்றது. அவர் மறைந்தால் மனைவிக்கு அதில் ஒரு பகுதி வரும்.

முன்னது குட்டையில் தேங்கிய நீர், பின்னது ஊற்று. குட்டை நீர் எத்தனை நாளைக்கு வரும் என்ற கவலை குடிப்பவனுடையது. அவன் தொண்ணூறு வயது வாழ்ந்தாலும், விலைவாசி இருமடங்கு ஏறினாலும், அதனால் வருந் துன்பம் அவன் தலைமேலது. ஊற்றிலோ அக்கவலை, நீர் தருவதாக வாக்களித்தவருடையது. ஆதலாற்றான் வாக்களித்தோர் நாளடைவில் அதனின்றும் நழுவப் பார்ப்பதும், தொழிற்சங்கத்தார் அதனை விடாது பற்றி நிற்பதும் பல தேசங்களில் நிகழ்கின்றன.

நம் முன்னோர் இம்மாதாந்தத் தொகைக்கு உபகாரச் சம்பளம் என்று பெயரிட்டனர். ஓய்வு பெறும்போது மொத்தமாய்க் கொடுப்பதைப் பணிக்கொடை என்கின்றோம். ஒன்றில் உபகாரம் இருக்கின்றது. மற்றொன்றில் கொடை இருக்கின்றது. உபகாரமுங் கொடையும் கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தவை. வேண்டாமென்று நினைத்தால் நிறுத்திக்கொள்ளலாம். தொழிற்சங்கத்தாரோ இவ்விரு பெயரையும் ஒப்புவதில்லை. உழைத்த நாளில் கொடாது பின்னைக்கு நிறுத்திவைத்த கூலியே இஃது என்பது அவர் கட்சி. இவ்வழக்கு நம் நாட்டில் நடந்து வந்த வரலாற்றோடு பிணைந்தது, நான்காம் குடியரசுத் தலைவராயிருந்த வராககிரி வேங்கட கிரியாரின் வாழ்வு. தலைவர் பதவியால் அவரை அறிந்தோர் பலர். அதற்குப் பதினைந்தாண்டு முன்னர் ஒரு மந்திரி பதவியை அவர் ஏன் துறந்தார் என்பதை அறிந்தோர் சிலரே. அதனை எடுத்துரைக்கவே இக்கட்டுரை எழுதப் புகுந்தோம்.

கிரியார் 1894-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10-ஆம் தேதி, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கஞ்சம் ஜில்லாவிலுள்ள பெர்ஹாம்பூரில் பிறந்தார். தந்தையார் ஜோகையா பந்துலு பெயர்பெற்ற வக்கீல். மகனும் வக்கீலாதல் வேண்டுமென்று 1913-ல் அயர்லாந்துக்கு அனுப்பினார். டப்ளின் மாநகரில் மகன் சட்டங் கற்றது உண்மையே. ஆயினும் அவர் அங்குக் கற்றவற்றுள் சட்டம் பெரிதன்று என்பது நம் துணிபு.

அவர் சென்று சேர்ந்த அவ்வாண்டிலேதான் டப்ளினில் பெருங் கதவடைப்பு நிகழ்ந்தது. சங்கத்திற் சேரமாட்டோம் என்று கையெழுத்திட்டாலன்றி வேலையில்லை என்றனர் முதலாளிகள். லார்கின், கானலி என்னும் தலைவர்களின் கீழ்த் தொழிலாளர் 1914-ஆம் ஆண்டுத் தொடக்கம்வரை பசியோடு போராடித் தோற்றனர். அதே நகரில் கிரியார் வேறொன்றையும் கண்டிருத்தல் கூடும். 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தால், எழுபது வயது கடந்த ஏழைகட்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரையில் அரசாங்கம் தபாலாபீஸ் வாயிலாக வழங்கி வந்தது. முதியோர் அதனை வாங்கத் தபாலாபீஸிற்குச் செல்வது ஐரிஷ் நாட்டில் அப்போது புதுக்காட்சி. தர்மச் சத்திரத்துக் கஞ்சியை நம்பியிருந்த கிழவர் தம் உரிமையென்று கைநீட்டி வாங்கும் பணம் அது. சங்கம் சேரும் உரிமைக்காகப் பட்டினி கிடந்த மக்களும், முதுமைக்குச் சட்டப்படி வந்த காசும் ஒரே ஊரில் இருந்தன.

ஐரிஷ் விடுதலை வீரரோடு பழகினார் என்ற காரணத்தால், 1916-ஆம் ஆண்டு ஈஸ்டர்க் கிளர்ச்சிக்குப் பின் கிரியார் அந்நாட்டை விட்டு நீங்க நேர்ந்தது. கானலி அவ்வாண்டு மே மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். தாய்நாடு திரும்பிய கிரியார் சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலாய்ப் பதிவு செய்துகொண்டு, பின்னர் ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறையுஞ் சென்றார்.

அவர் தொழிலாளர் பக்கம் வந்து சேர்ந்தது ரயில்வேயின் வழியாக. வங்காள நாகபுரி ரயில்வே அக்காலத்தில் ஒரு கம்பெனியின் வசமிருந்தது. கரக்பூரில் அதன் பெருந் தொழிற்சாலை. அத்தொழிலாளர் சங்கத்தை நடத்தியதோடு, இந்திய ரயில்வே தொழிலாளர் சம்மேளனம் அமைவதற்கும் கிரியார் துணைநின்றார். 1927-ல் அக்கம்பெனி ஆட்குறைப்புச் செய்ய முற்பட்டபோது எழுந்த வேலைநிறுத்தமுங் கதவடைப்பும் நாடறிந்தவை. அடுத்த ஆண்டில் நம் தென்னிந்திய ரயில்வேயிலும் இதே காரணத்தால் பெரும் போராட்டம் மூண்டது. பொன்மலை, நாகப்பட்டினம், போத்தனூர்த் தொழிற்சாலைகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவரை நீக்குவதென்று கம்பெனி தீர்மானித்தது. சிங்காரவேலர் அப்போராட்டத்திற்காகச் சிறைப்பட்டார். நம் திருச்சி ஜில்லாக் குடும்பங்கள் பல அந்நாளில் உலையேற்றாதிருந்த செய்தி இன்னும் பழங்கதையாக வழங்குகின்றது.

ஆட்குறைப்பை எதிர்த்து இத்துணைக் கடுமையாய்ப் போராடியது ஏன் என்று இளைஞர் வினவுதல் கூடும். அந்நாளில் ரயில்வே தொழிலாளர்க்கு மாதாந்த உபகாரச் சம்பளம் இல்லை. சேமநிதி இருந்தது, ஆயினும் மிகக் குறைந்த சம்பளத்தாருட் பலர் அதனுட் சேரவில்லை. நெடுநாள் சேவைக்கென்று கம்பெனி அளித்த பணிக்கொடையோ, இடையறாத நற்சேவை செய்தோர்க்கே கிடைத்தது. எனவே இருபதாண்டு உழைத்தவனை வீட்டுக்கு அனுப்பினால், அன்றையக் கூலி மட்டுமன்றி அவன் முதுமையும் உடன்போயிற்று. வேலைநிறுத்தம் செய்தவனுக்கும் இதே அச்சம். சேவை முறிந்தது என்று ஏட்டில் ஒரு வரி எழுதினாற் போதும், கடந்த ஆண்டுகளெல்லாம் இல்லாதனவாகும். இவ்வொரு வரியின் வலிமையை நாம் பின்னரும் காண்போம்.

1926-லும் 1942-லும் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் தலைவராயிருந்தமை, 1931-ல் லண்டன் வட்டமேஜை மகாநாட்டில் தொழிலாளர் பிரதிநிதியாய் அமர்ந்தமை, 1937-ல் பொப்பிலி ராஜாவைத் தேர்தலில் வென்று ராஜாஜி மந்திரிசபையில் தொழில் மந்திரியானமை ஆகியவற்றை விரிப்பிற் பெருகும். 1947 முதல் நான்காண்டு இலங்கையில் இந்திய ஹைகமிஷனராயிருந்தார். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தேயிலைத் தோட்டத் தமிழர் நாடற்றவரானது அக்காலத்திலேயே. அக்கதை தனியே எழுதத் தக்கது.

1952-ஆம் ஆண்டு மே மாதத்தில் பண்டித நேருவின் மந்திரிசபையில் கிரியார் தொழில் மந்திரியானார். அவ்வாண்டு மார்ச்சில் இயற்றப்பட்ட தொழிலாளர் சேமநிதிச் சட்டத்தின் திட்டம் அவர் மந்திரியாயிருந்தபோதே முழுதும் நடைமுறைக்கு வந்தது. சிமெண்டு, சிகரெட்டு, இயந்திரப் பொறி வேலை, இரும்பும் எஃகும், காகிதம், நெசவு என்னும் ஆறு தொழில்களில், ஐம்பது பேருக்குக் குறையாத தொழிற்சாலைகட்கு முதலில் அது விதிக்கப்பட்டது. சம்பளத்தில் நூற்றுக்கு ஆறேகால் வீதம் தொழிலாளியும் அதே அளவு முதலாளியும் இடல் வேண்டும். டால்மியாபுரத்துச் சிமெண்டுத் தொழிலாளர் போன்றார்க்கு முதுமைக்கென்று சட்டப்படி ஒரு காசு சேரத் தொடங்கியது இதனாலேதான். எனினும் இது குட்டையே, ஊற்றன்று. மகள் கலியாணத்திலும் பழங்கடனிலும் ஒரே ஆண்டில் வற்றிப்போன குட்டைகள் எத்தனையோ!

கிரியாரின் கொள்கை ஒன்றை இங்கே சொல்லல் வேண்டும். தொழிலாளரும் முதலாளியும் எதிரெதிர் அமர்ந்து பேசி முடிவு காணல் வேண்டுமேயன்றி, அரசாங்கம் வலிந்து நியமிக்கும் டிரிபியூனல்களின் தீர்ப்பை நம்பியிருத்தல் சங்கங்களின் வலிமையை உறிஞ்சிவிடும் என்பது அவர் கருத்து. 1952-ல் நைனிதாலில் கூடிய இந்தியத் தொழில் மாநாட்டில் இதனையே வற்புறுத்தினார். அவர் கட்சி அங்கு வெல்லவில்லை. டிரிபியூனல்களை விரும்பாத இம்மனிதரே பின்னர் ஒரு டிரிபியூனலின் தீர்ப்புக்காகப் பதவி துறந்தார் என்பது வியப்பாகத் தோன்றலாம். நமக்கோ அதுவே அவர் நேர்மையைக் காட்டுவதாகப்படுகின்றது.

அவ்வரலாறு இது. பாங்கி ஊழியரின் வழக்கு 1949 முதல் நடந்து வந்தது. சென் டிரிபியூனல் 1950-ல் அளித்த தீர்ப்பை, அதன் அங்கத்தினர் அமர்ந்த முறையில் குறையுண்டு என்று 1951-ல் உச்ச நீதிமன்றம் தள்ளிற்று. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்து ஓய்வு பெற்ற பஞ்சாபகேச சாஸ்திரியாரின் தலைமையில் மற்றொரு டிரிபியூனல் அமைந்து, 1953-ல் விரிவான தீர்ப்பு அளித்தது. சம்பளம், பஞ்சப்படி, வேலைநேரம் ஆகியவற்றோடு சேமநிதி, பணிக்கொடை, ஓய்வூதியம் என்னும் முதுமைக்காலப் பயன்களையும் அது ஆராய்ந்தது. இருதிறத்தாரும் மேல்முறையிட, மேல்முறையீட்டு டிரிபியூனல் 1954 ஏப்ரலில் முடிவு கூறிற்று. ஐந்தாண்டு வழக்கு அத்தோடு முடிந்ததென்றே ஊழியர் எண்ணினர்.

முடியவில்லை. இம்முடிவைத் தாங்க இயலாதென்று பாங்கி முதலாளிகள் அரசாங்கத்திடம் முறையிட்டனர். தீர்ப்பை மாற்றும் அதிகாரம் சட்டத்தில் அரசாங்கத்திற்கு இருந்தது. நிதித் துறையின் சார்பில், பாங்கிகள் நொடித்தால் நாட்டுக்குக் கேடு, சிற்றூர்களிற் கிளைகள் பெருகா என்று காரணங் கூறப்பட்டது. அது முற்றிலும் பொருளற்ற காரணமன்று. சிறு பாங்கிகள் பல அக்காலத்தில் வலுவற்றிருந்தன. 1954 ஆகஸ்டில் மந்திரிசபை தீர்ப்பை மாற்றி உத்தரவிட்டது. சிறு ஊர்கள் தனி வகுப்பாகப் பிரிக்கப்பட்டு அங்குள்ளோர்க்கு ஊதியம் தாழ்த்தப்பட்டது. பூலாம்பாடி போன்ற ஊரில் கிளையிருப்பின் அவ்வூழியர் நிலை என்னவாகும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் கருத்து விளங்கும்.

தொழில் மந்திரியின் ஆலோசனைக்கு மாறாக இம்முடிவு எடுக்கப்பட்டது. கிரியாருக்கு அறுபது வயது நிறைந்து சில நாட்களே ஆகியிருந்தன. குடும்பமோ மிகப் பெரிது. மந்திரிசபை முடிவுக்குக் கட்டுப்பட்டிருந்தேன் என்று சொல்லிப் பதவியிலிருப்பது எளிது. பலர் அவ்வாறே செய்திருப்பர். கிரியார் ராஜிநாமாச் செய்தார். இருதிறத்தாரையும் நியாய மன்றத்திற்கு வருக என்று அழைத்தது அரசாங்கம். சென்ற பின், மன்றம் சொன்னதை வலியவர் வேண்டுகோளால் திருத்துவதும் அதே அரசாங்கம். அங்ஙனமாயின் தீர்ப்பும் உபகாரமாய்விடுமன்றோ! கொடுத்தவர் நினைத்தால் குறைக்கலாம். கிரியார் பதவியை வைத்துக்கொண்டு இதனைத் தாங்க மாட்டாராயினார் என்று நாம் கருதுகின்றோம்.

ஊழியர் கொதிப்பும் மந்திரியின் விலகலும் சேர்ந்து அரசாங்கத்தை அசைத்தன. விசாரணைக் கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டது. முதலில் அமர்ந்த நீதிபதி ராஜாத்யக்ஷா காலமாகவே நீதிபதி கஜேந்திரகட்கர் அப்பணியை முடித்தார். மாற்றப்பட்ட தீர்ப்பின் பெரும்பகுதி மீண்டது. 1955-ல் பார்லிமெண்டு அதனைச் சட்டமாக்கிற்று.

பின்னர்க் கிரியார் உத்தரப் பிரதேசம், கேரளம், மைசூர் ஆகியவற்றில் கவர்னராயிருந்த காலத்தில், அவர் இளமையிற் பணிசெய்த ரயில்வே துறையில் ஒரு பெரும் மாறுதல் வந்தது. தொழிற்சங்கங்கள் நெடுங்காலம் கேட்டுவந்த ஓய்வூதியம் 1957 நவம்பர் 16 முதல் ரயில்வேயில் ஏற்பட்டது. புதிதாய்ச் சேர்வோர்க்கு ஓய்வூதியம் விதி. முன்னரே இருந்தோர், சேமநிதியிலேயே நிற்கலாம் அல்லது ஓய்வூதியத்திற்கு மாறலாம். கண்ணுக்குத் தெரியும் குட்டையை விட்டுக் காணாத ஊற்றை நம்புவதா என்று ஐயுற்றுச் சேமநிதியிலேயே நின்றோர் பலர். அவர்களை நாம் குறைகூறோம்; கம்பெனிக் காலத்தில் வாக்குறுதிகளின் கதியைக் கண்டவர்கள் அவர்கள். விலைவாசி ஏறி, ஓய்வூதியக்காரர்க்குப் பஞ்சப்படியும் ஏற ஏற, நின்றவர் வருந்தினர். மீண்டும் மாற இடங்கேட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கு 1990-ல் அவர்கட்கு எதிராகவே முடிந்தது.

1967-ல் குடியரசு உபதலைவரான கிரியார், ஜாகிர் ஹுசேன் மறைந்ததும் 1969 மே மாதம் முதல் தலைவர் பொறுப்பையும் தாங்கினார். ஜூலை 19-ஆம் தேதி பதினான்கு பெரிய பாங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பாங்கி ஊழியருக்காக மந்திரி பதவியை விட்டவர் கைப்பட அப்பாங்கிகள் அரசாங்கத்தின் உடைமையாயின என்பதை, விதியின் விளையாட்டென்று கூறுவார் கூறுக! மறுநாளே அவர் பதவி விலகித் தலைவர் தேர்தலில் சுயேச்சையாய் நின்று, சஞ்சீவ ரெட்டியாரை இரண்டாம் விருப்ப வாக்குகளின் கணக்கில் வென்றார்.

அவர் தலைவராயிருந்த ஐந்தாண்டில் முதுமைக்காலப் பயன்களைக் குறித்து மூன்று செய்திகள் நிகழ்ந்தன. 1971-ல் சேமநிதித் தொழிலாளர் குடும்பங்கட்கு ஓய்வூதியத் திட்டம் வந்தது. அதே ஆண்டில் பீஹாரைச் சேர்ந்த ஓர் அரசூழியரின் வழக்கில், ஓய்வூதியம் அரசின் மனமுவந்த கொடையன்று, ஊழியரின் சொத்துரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பணிக்கொடைச் சட்டத்திற்குக் கிரியாரின் சம்மதம் கிடைத்தது. ஐந்தாண்டு இடைவிடாது உழைத்தவனுக்கு, ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாட் கூலி வீதம் கொடுத்தே தீரல் வேண்டும் என்பது அச்சட்டம். கொடை என்ற பெயர் நின்றது. கொடையின் தன்மை நீங்கிற்று.

ஆயினும் 1974-ஆம் ஆண்டு மே மாதத்தைச் சொல்லாது விடுதல் உண்மைக்கு மாறாகும். மே 8 முதல் 27 வரை ரயில்வே தொழிலாளர் நாடெங்கும் வேலைநிறுத்தஞ் செய்தனர். கிரியார் இளமையில் உருவாக்கத் துணைநின்ற அச்சம்மேளனமே, ஜார்ஜ் பெர்னாண்டஸின் தலைமையில், அதனை முன்னின்று நடத்திற்று. ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டனர்; வேலை நீக்கப்பட்டனர்; வீட்டினின்றும் துரத்தப்பட்டனர். நாம் முன்னர்ச் சொன்ன அவ்வொரு வரி, சேவை முறிந்தது என்னும் வரி, பலருடைய ஏட்டில் எழுதப்பட்டது. ஓய்வூதியத்திற்குரிய ஆண்டுகள் பேனா முனையால் அழிந்தன. குடியரசுத் தலைவர் மந்திரிசபையின் ஆலோசனைப்படி நடத்தற்குரியர். மந்திரியைப் போல் விலகி வெளிவரும் வழி அவர்க்கு அத்துணை எளிதன்று. 1954-ல் மந்திரியாயிருந்து காட்டிய துணிவை இருபதாண்டு கழித்து அம்மாளிகையில் காட்ட இயலாதிருந்தமை அவர் வாழ்வின் துயரம் என்றே நாம் எண்ணுகின்றோம். முறிந்த சேவை 1977-ல் ஆட்சி மாறிய பின்னரே மீண்டும் ஒட்டவைக்கப்பட்டது. கரக்பூரிலும் பொன்மலையிலும் மூன்றாண்டு காத்திருந்தோர் அதன்பின்னரே தம் முதுமையை மீட்டனர்.

1974 ஆகஸ்டில் பதவிக்காலம் முடிந்து கிரியார் சென்னையில் வாழ்ந்தார். 1975-ல் பாரத ரத்தினப் பட்டம் பெற்றார். 1980-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி சென்னையிலேயே காலமானார். டெல்லியை அடுத்த நொய்டாவில் உள்ள தேசியத் தொழிலாளர் ஆராய்ச்சி நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அவர் மறைந்த பின் 1982 டிசம்பரில், நகாரா என்பார் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, ஓய்வூதியம் முன்செய்த சேவைக்குரிய ஊதியமே என்று உறுதி கூறிற்று. பாங்கி ஊழியர் சங்கங்கள் நெடுநாள் வாதாடி 1993 அக்டோபர் 29-ல் உடன்படிக்கை செய்துகொண்டு, முதலாளி பங்குச் சேமநிதியை விட்டுக்கொடுத்து அதற்கீடாக ஓய்வூதியம் பெற்றன. டிரிபியூனலின்றி எதிரெதிர் அமர்ந்து பேசிப் பெற்றது அது. கிரியார் விரும்பிய முறை. 1957-ல் ரயில்வேயில் நேர்ந்தது போலவே அப்போதும் ஐயுற்று விலகி நின்றோர் பலர். அவர்கட்கு 2010 ஏப்ரலில் மறுவாய்ப்புப் பெற்றுக் கொடுத்தன அச்சங்கங்கள். அதே உடன்படிக்கையில், 2010 ஏப்ரல் 1 முதல் சேர்வோர்க்கு அவ்வோய்வூதியம் இல்லையென்றும் ஆயிற்று. தமிழ்நாட்டு அரசூழியருள் 2003 ஏப்ரல் முதற்கொண்டும், மத்திய அரசூழியருள் 2004 ஜனவரி முதற்கொண்டும் சேர்ந்தோர் முன்னரே இந்நிலையில் வைக்கப்பட்டனர். இவ்வாறாக ஒரே தொழிற்சாலையில், ஒரே பட்டறை மேசையில், தகப்பனுக்கு ஊற்றும் மகனுக்குக் குட்டையுமாயிற்று. இதனை எதிர்த்து ஆசிரியரும் அரசூழியரும் 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் நாட்கணக்கில் வேலைநிறுத்தஞ் செய்தனர். மத்திய அரசாங்கம் 2025 ஏப்ரல் முதல், இருபத்தைந்தாண்டு சேவை முடித்தவர்க்குக் கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை உறுதி கூறும் புதுத் திட்டமொன்றை, விரும்புவோர் ஏற்கலாம் என்று கொண்டுவந்தது. ஊழியரின் பங்கும் அதிற் பிடிக்கப்படுமாதலால், பழைய முறையே வேண்டுமென்று சங்கங்கள் பல வாதாடுகின்றன.